சிறு வள்ளங்களுக்கான கடல் மீட்புப் பயிற்சி: இரண்டு நாள் வகுப்பைப் பற்றிய மதிப்புரை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் தேவாலயப் பங்கு மண்டபத்தில், கடந்த மாசி மாதம் இரண்டு நாள் கடல் தேடல், மீட்புப் பயிற்சி நடந்தது. எங்கள் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஐந்து பேரும் அதில் கலந்துகொண்டோம். வள்ளம் ஒன்றுக்கு 6,000 ரூபாய் கட்டணம். இரண்டு நாள் மதிய உணவு, ஒரு குறிப்பேடு, தண்ணீர் புகாத உறையிட்ட விதி அட்டை, இரண்டாம் நாள் கடலில் ஓடுவதற்கான எரிபொருள் ஆகியவை அதில் அடக்கம். நடத்தியவர்கள் ஒரு தனியார் அமைப்பினர். முதன்மைப் பயிற்றுநர் கடலோரக் காவல்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அமைப்பின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதுபோன்ற வகுப்பு எங்கே நடந்தாலும் அதில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது நம் கடற்கரையில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு நாள் தொழில் விட்டுப்போனாலே வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டிய நிலையில், இரண்டு நாள் தொழிலையும் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்க நான் முன்வந்ததற்குக் காரணம் ஒரு பழைய இரவு. சில ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதத்தில் என் சித்தப்பா மகனின் வள்ளம் என்ஜின் பழுதாகிக் கடலில் நின்றுவிட்டது. முட்டம் கலங்கரை விளக்கம் வடகிழக்கே தெரிகிறது என்பதுதான் கைப்பேசித் தொடர்பு அறுவதற்கு முன் எங்களுக்குக் கிடைத்த கடைசிச் செய்தி. கேட்ட மாத்திரத்தில் ஐந்து வள்ளங்கள் கிளம்பின. யார் எந்தப் பக்கம் போவது என்று கரையில் யாரும் பேசவில்லை; எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. விடிந்தபோது நான்கு வள்ளங்கள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஐந்தாவது எண்ணெய் தீர்ந்து நின்றதால் அதையும் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. காற்று கச்சானாகவும், அதாவது மேற்கிலிருந்தும், நீரோட்டம் கிழக்கு நோக்கியும் இருந்த அந்த இரவில், வள்ளம் ஒதுங்கிப் போயிருக்கக்கூடிய கிழக்குப் பக்கத்துக்கு ஒருவர்கூடப் போகவில்லை. மறுநாள் மாலை, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு விசைப்படகுக்காரர்கள் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டார்கள். நான்கு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் எங்கள் தேடலுக்கும் அவர்கள் பிழைத்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முதல் நாள் காலை சட்டத்தோடு தொடங்கியது. இரண்டு மணி நேரம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் போதும். 1974ஆம் ஆண்டின் கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, 1979இல் ஹாம்பர்க்கில் கையெழுத்தான தேடல், மீட்பு உடன்படிக்கை, இவற்றின் வரலாறு எல்லாம் திரையில் ஓடியபோது முன்வரிசையில் இருந்தவர்களே கண்ணயர்ந்தார்கள். எனினும் அதில் ஓர் இடம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு, கடலில் உயிருக்குப் போராடுகிறவருக்குக் கப்பல் தலைவர் உதவியே ஆக வேண்டும் என்று சொல்கிறது. அதே பிரிவு, தன் கப்பலுக்கும் அதிலுள்ள ஆட்களுக்கும் பெரும் ஆபத்து நேராத அளவுக்கு என்ற வரம்பையும் சேர்த்தே வைத்திருக்கிறது. கூப்பிட்டால் போகாதவன் கடற்கரையில் முகம் காட்ட முடியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். போகிறவனின் உயிரையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது என்பதை எங்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

சட்டத்துக்கு அடுத்து, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற பாடம் வந்தது. நம் நாட்டின் கடலில் தேடல், மீட்புப் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு உரியது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இயங்குகின்றன. 1554 என்ற எண்ணில் அவர்களையும், 1093 என்ற எண்ணில் கடலோரக் காவல் போலீசையும் அழைக்கலாம். இந்த எண்கள் நம்மில் பலருக்கும் தெரிந்தவையே. தேடப் போகிறவர்களும் கிளம்புவதற்கு முன் அந்த எண்ணில் தங்கள் வள்ளத்தின் பெயர், பதிவு எண், ஆள் கணக்கு, போகும் திசை ஆகியவற்றைச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அதற்குப் பயிற்றுநர் சொன்ன காரணம் எளிமையானது: வானூர்தியில் இருந்து பார்ப்பவருக்குத் தேடுகிற வள்ளமும் தேடப்படுகிற வள்ளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். சொல்லாமல் போன ஒரு வள்ளத்தைக் கண்டு, காணாமற்போன வள்ளம் கிடைத்துவிட்டது என்று எண்ணித் திரும்பிவிட்டால், உண்மையில் தத்தளிப்பவர்களின் கதி என்ன ஆகும்?

அதோடு, பல படகுகள் கூடும் இடத்தில் ஒருவர் மட்டுமே களத்தை நடத்த வேண்டும், முதலில் வந்து சேர்ந்தவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைவிடத் தகுந்த கருவிகளோடு ஒருவர் வந்தால் முறையாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்பதையும் விளக்கினார்கள். எங்கள் ஐந்து வள்ளங்களிலும் அன்று ஐந்து தலைவர்கள் இருந்தார்கள் என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன்.

பயிற்சியிலேயே மிகச் சிறந்த பகுதி முதல் நாள் பிற்பகலில் வந்தது. அதற்கு ஆளுக்கு ஒரு தாளும் ஒரு பேனாவும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சிறுபடகுக் குழுக்கள் நெடுங்காலம் பயன்படுத்திவந்த ஆபத்துக் கணிப்பு முறை அது. மேற்பார்வை, திட்டம், ஆள் தேர்வு, ஆட்களின் உடல்நிலை, காற்றும் கடலும், பணியின் சிக்கல் என்று ஆறு தலைப்புகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்; ஆபத்து கூடக் கூட எண்ணும் கூடும். கூட்டுத்தொகை 23 வரை இருந்தால் பச்சை, 24 முதல் 44 வரை மஞ்சள், அதற்கு மேல் 60 வரை சிவப்பு. மஞ்சள் என்றால் போகக் கூடாது என்று பொருளில்லை. எதை மாற்றினால் எண் குறையும் என்று பார்த்து, மாற்றிய பிறகு போக வேண்டும். இதில் முக்கியமான விதி, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் தனித்தனியே எழுத வேண்டும் என்பது.

நள்ளிரவு 2 மணி, கச்சான் காற்று, 12 கடல் மைலுக்கு அப்பால் ஒரு வள்ளம் திரும்பவில்லை என்று சூழலைக் கொடுத்தார்கள். எங்கள் வள்ளத்தில் மூத்தவரான மாமா, பேனாவைக் கையில் எடுக்கவே தயங்கி, "கடல்ல ஒருத்தன் கெடக்கும்போ இங்க இருந்து மார்க்கு போட்டுட்டு இருக்கதா சார்?" என்று கேட்டார். மூன்று நிமிடம் மட்டும் கொடுங்கள் ஐயா, எண்ணெய் ஊற்றுகிற நேரத்தில் முடிந்துவிடும் என்று பயிற்றுநர் பணிவாகச் சொன்னார். எழுதி முடித்தபோது மாமாவின் கூட்டுத்தொகை 17, என்னுடையது 29, எங்களில் இளையவனுடையது 38. இளையவன் ஆட்களின் உடல்நிலை என்ற தலைப்புக்கு மட்டும் 9 போட்டிருந்தான். ஏன் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, முந்தைய நாள் மாலை கடலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் கரையேறி, நேராகப் பயிற்சிக்கு வந்ததாகவும், இரண்டு நாளாகச் சரியாக உறங்கவில்லை என்றும் சொன்னான். "சொல்லியிருக்கக் கூடாதா மக்களே?" என்று மாமா கேட்டார். "நீங்க கேக்கலியே மாமா" என்று அவன் சொன்னான். மாமா தன் தாளை எடுத்து, அந்த இடத்தில் தான் எழுதியிருந்த 2 என்ற எண்ணை அடித்துவிட்டு 9 என்று எழுதினார். 17 என்பது 24 ஆனது, பச்சை மஞ்சளாகியது. கற்பனையான ஒரு மீட்புக்கு அவனுக்குப் பதிலாக வேறொருவரை ஏற்றிக்கொள்வது என்று அன்று முடிவெடுத்தோம். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மட்டுமே நான் அந்தக் கட்டணத்தைத் தாராளமாகக் கொடுப்பேன்.

எண்ணெய்க்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கு போவதற்கும் தேடுவதற்கும், ஒரு பங்கு திரும்புவதற்கும், மீதி ஒரு பங்கு கையிருப்புக்கும் என்று பிரித்து, முதல் பங்கு தீர்ந்ததும் கண்டாலும் காணாவிட்டாலும் திரும்ப வேண்டும். அந்த முடிவைக் கரையிலேயே எல்லார் முன்னிலையிலும் எடுத்துவிட வேண்டும். கடலில் வைத்து எடுக்கலாம் என்று விட்டால், இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்றுதான் யாருக்கும் மனம் சொல்லும். ஆவணி இரவில் நின்றுபோன அந்த ஐந்தாவது வள்ளத்தின் சுக்கானைப் பிடித்திருந்தவன் நான்தான் என்பதால், இந்த விதியைக் குறிப்பேட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கடலில் நடந்த தேடல் பயிற்சி, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. முதலில், உரிக்காத தேங்காய் ஒன்றைக் கடலில் எறிந்தார்கள். தண்ணீரில் மிதக்கும் மனிதனின் தலை ஏறத்தாழ அந்த அளவுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு, வள்ளத்தை மெதுவாக விலக்கிக்கொண்டு போய், யாருக்கு எப்போது கண்ணில் இருந்து மறைகிறதோ அப்போது கையை உயர்த்தச் சொன்னார்கள். மாசி மாதத்துக் கடல் குளம்போல் கிடந்தது. வெயிலும் முதுகுப் பக்கம் இருந்தது. அப்படி இருந்தும் 150 மீட்டர் தாண்டுவதற்குள் ஐந்து கைகளும் உயர்ந்துவிட்டன. நாற்பது ஆண்டுகளாகக் கடல் பார்த்த மாமாவின் கைதான் கடைசியாக உயர்ந்தது என்றாலும், அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. கடலில் இருந்துகொண்டு எவ்வளவு பரப்பைப் பார்த்துவிட்டதாக நாம் நம்புகிறோம், உண்மையில் எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்பதற்கு இடையில் உள்ள தூரத்தை அந்த ஒரு தேங்காய் காட்டிவிட்டது.

அந்த 150 மீட்டரில் இருந்துதான் மற்ற கணக்குகள் எல்லாம் பிறக்கின்றன. இரு பக்கமும் 150 மீட்டர் தெரிகிறது என்றால், வள்ளம் ஓடுகிற ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 300 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஓடும் வள்ளம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 154 மீட்டர் கடக்கும். ஆகவே 300 மீட்டர் என்பது இரண்டு நிமிட ஓட்டம். கடல் மைலும் வரைபடமும் பழக்கமில்லாதவர்கூட நிமிடக் கணக்கில் தேடிவிட முடியும். ஆள் இருக்கும் இடம் ஓரளவுக்கே தெரியும் என்றால் விரியும் சதுரம் என்ற முறை: இரண்டு நிமிடம் ஓடி வலப்பக்கம் செங்குத்தாகத் திரும்பு, மீண்டும் இரண்டு நிமிடம், பிறகு நான்கு, நான்கு, ஆறு, ஆறு என்று சதுரம் வெளியே விரிந்துகொண்டே போகும்.

ஆள் விழுந்த இடம் உறுதியாகத் தெரியும் என்றால் வேறு முறை. அந்த இடத்தில் ஒரு மிதவையைப் போட்டுவிட்டு, மூன்று நிமிடம் நேராகப் போய், வலப்பக்கம் 120 பாகை திரும்பி மூன்று நிமிடம், மறுபடி 120 பாகை திரும்பி மூன்று நிமிடம் ஓடினால் மிதவைக்கே வந்து சேர்வோம். திரும்பாமல் அதைக் கடந்து நேராக மூன்று நிமிடம் போய், முன்போலவே திருப்பங்களைத் தொடர்ந்தால், மொத்தம் ஒன்பது ஓட்டத்தில், 27 நிமிடத்தில், மிதவையைச் சுற்றி மூன்று முக்கோணங்கள் முடிந்துவிடும். காணவில்லை என்றால் திசையை 30 பாகை திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மூன்று தொகுதிக் கையேட்டில், கப்பல்களில் வைத்திருக்கும் மூன்றாம் தொகுதியில் உள்ள அதே முறைகள்தாம் இவை. வலைக்குக் கட்டுகிற கொடி மிதவை, கைப்பேசியில் உள்ள திசைகாட்டி, ஒரு கைக்கடிகாரம் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு நம் வள்ளத்திலும் அவற்றைச் செய்ய முடிந்தது. முதல் முறை ஓட்டியபோது நாங்கள் மிதவைக்கு வந்து சேரவில்லை, கணிசமாக விலகிப்போனோம். திரும்பும்போது வேகத்தைக் குறைத்துவிட்டு நிமிடத்தை மட்டும் எண்ணியதே காரணம். மூன்றாம் முறை மிதவையின் கொடி வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்கு நேராக வந்து நின்றபோது எல்லாரும் கைதட்டினோம்.

மிதவையை ஏன் போட வேண்டும் என்பதை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம். நானே கேட்டுத்தான் விளக்கம் பெற்றேன். தண்ணீரில் கிடக்கும் ஆளை நகர்த்துவது பெரும்பாலும் நீரோட்டம். மிதவையும் அதே நீரோட்டத்தில் நகரும். ஆகவே மிதவையை நடுவாக வைத்துத் தேடும்போது, தேடுகிற பரப்பு முழுவதும் ஆளோடு சேர்ந்தே நகர்கிறது. கரையில் முட்டம் விளக்கையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தி இடம் குறிப்பது நமக்குக் கைவந்த கலை. ஆனால் அது கடலடியில் அசையாமல் கிடக்கும் பாறையான பாருக்குப் பொருந்துமே தவிர, மிதந்து போகிற மனிதனுக்குப் பொருந்தாது. நிமிர்ந்து மிதக்கும் காலி வள்ளத்தைக் காற்று தள்ளும். கவிழ்ந்த வள்ளம் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடப்பதால் அவ்வளவாகத் தள்ளப்படாது. தனியே நீந்துகிற ஆள் வேறு வழியில் போவான். கவிழ்ந்தாலும் வள்ளத்தை விட்டுப் பிரியக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டும் பிரிந்துவிட்டால், கண்ணில் படக்கூடிய பெரிய பொருளைக் கண்டுபிடித்தாலும் ஆள் அங்கே இருக்க மாட்டான்.

வானொலிப் பாடத்தில் நிறையும் குறையும் கலந்தே இருந்தன. அலைவரிசை 16இல், அதாவது 156.8 மெகாஹெர்ட்சில், ஆபத்து அழைப்பான மேடே என்பதை மூன்று முறை சொல்லி, வள்ளத்தின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, தேவைப்படும் உதவி, ஆள் கணக்கு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும் பயிற்சியை ஒவ்வொருவருக்கும் தந்தார்கள். இடத்தைச் சொல்வதில் ஏற்படும் குழப்பத்தை எடுத்துக்காட்டிய விதம் அருமை. 8 பாகை 5.30 நிமிடம் என்பதும் 8 பாகை 5 நிமிடம் 30 விநாடி என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் அட்சரேகையில் ஒரு நிமிடம் 1,852 மீட்டர் என்பதால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 370 மீட்டர் வேறுபாடு உண்டு. தேங்காய் 150 மீட்டரில் மறைந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தோம். "புள்ளி" என்ற சொல்லை விழுங்காமல் சொல்ல வேண்டும் என்பது அதன் பிறகு யாருக்கும் மறக்கவில்லை.

ஆனால் இந்தப் பாடத்தின் மாதிரிச் செய்திகள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருந்தன. நெருக்கடியில் மனிதன் தாய்மொழியில்தான் கத்துவான். பக்கத்தில் இருக்கும் வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் தமிழிலோ மலையாளத்திலோதான் நாம் பேசுவோம்; கப்பல்களுக்கு மட்டுமே ஆங்கிலம் வேண்டும். இரண்டையும் அட்டையின் இரு பக்கங்களில் அச்சிட்டுத் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது. இஸ்ரோ உருவாக்கி, 2010 முதல் மீன்பிடிப் படகுகளில் பயன்பட்டுவரும் ஆபத்து அறிவிப்புக் கருவியைப் பற்றியும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது என்ற பதில் வள்ளத்துக்கே திரும்பி வருகிறது. யாராவது கேட்டார்களா இல்லையா என்று தெரியாமல் இரவு முழுவதும் காத்திருப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்பதைக் கடலில் தத்தளித்தவர்களிடம் கேட்டால் தெரியும். கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

ஆளைத் தண்ணீரில் இருந்து தூக்கும் பாடம் எங்களுக்கு மிக நெருக்கமாக இருந்தது. நீட்டு, எறி, நெருங்கு, இறங்கு என்ற வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: முதலில் கழியையோ துடுப்பையோ நீட்ட வேண்டும், எட்டாவிட்டால் கயிறு கட்டிய மிதவையை எறிய வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வள்ளத்தை நெருக்க வேண்டும், தண்ணீரில் குதிப்பது கடைசி வழி, அதுவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான். ஒருவர் ஆளை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. நெருங்கியதும் என்ஜினை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் சுழலும் விசிறியின் பக்கத்தில்தான் தத்தளிப்பவரின் கால்கள் இருக்கும். எல்லாரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் வள்ளம் சாயும் என்பதால், இரண்டு பேர் தூக்க, மற்றவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள்.

நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தவரை நின்ற நிலையில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாத செய்தி. தண்ணீரின் அழுத்தம் உடலைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ரத்தம் இதயத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். செங்குத்தாகத் தூக்கியதும் அந்தப் பிடி விட்டு ரத்தம் கால்களுக்கு இறங்க, கரை கண்ட பிறகு உயிர் போகிற கொடுமை நேரலாம். அதனால் ஒரு வலைத் துண்டின் ஒரு விளிம்பை வள்ளத்தின் உள்ளே கட்டி, மறு விளிம்பை ஆளுக்கு அடியில் செலுத்திச் சுருட்டி இழுத்தால், அவர் படுத்த நிலையிலேயே உருண்டு மேலே வந்துவிடுகிறார். 80 கிலோ எடையுள்ள என்னை, எங்கள் இளையவனும் இன்னொருவனுமாக இப்படி ஏற்றிவிட்டார்கள். இதற்கென்று விற்கப்படும் கருவிகளைப் பயிற்றுநர் படத்தில் காட்டினார். நம் வள்ளத்தில் பழைய வலை எப்போதும் கிடக்கிறது.

இனி, பெரிய குறை. நம் மாவட்டத்தில் வள்ளங்கள் அதிகமாகக் கவிழும் இடம் நடுக்கடல் அன்று. கரைக்கு முன்னால் திரை, அதாவது அலை, உடைகிற இடமும் முகத்துவாரங்களும்தான். குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகப்பில் வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போனதை இங்கே அறியாதவர் இல்லை. மீட்டவர்களை ஏற்றிக்கொண்டு, வழக்கத்தைவிடக் கூடுதல் பாரத்தோடும் களைப்போடும் இரவில் அதே வாசலுக்குத்தான் திரும்பி வர வேண்டும். இதற்கு ஒதுக்கிய நேரமோ 20 நிமிடம். திரை உடையும் கோட்டுக்கு வெளியே நின்று பெரிய திரைகள் எத்தனைக்கு ஒருமுறை வருகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும், ஒரு திரையின் முதுகிலேயே இருந்துகொண்டு அதை முந்தாமல் உள்ளே வர வேண்டும், முந்தினால் பின்பக்கம் தூக்கி அணியம் தண்ணீரில் குத்தி வள்ளம் குறுக்கே திரும்பிவிடும், மீட்டவர்களை அணியத்தில் ஏற்றாமல் நடுவில் தாழ உட்கார வைக்க வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆனால் அவை சுவரில் ஓடிய படங்களாகவே இருந்தன. விடியும் வரை வெளியே காத்திருப்பதா, மீட்டவர்களைப் பெரிய படகுக்கு மாற்றிவிடுவதா, வேறு துறைக்குப் போவதா என்ற முடிவைக் கிளம்பும் முன்பே எடுப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அந்த ஆறு தலைப்புத் தாளில் ஏழாவதாகத் திரும்பி வரும் வாசல் என்று ஒன்றைச் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு குறையும் இதற்குச் சற்றும் இளைத்ததன்று. வகுப்புக்கு ஆண்களை மட்டுமே அழைத்திருந்தார்கள். எந்த வள்ளத்தில் யார் யார் போனார்கள், கடைசி நேரத்தில் யார் மாறி ஏறினார்கள், எத்தனை நாளுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனார்கள் என்பது கரையில் இருக்கும் பெண்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே பல நாள் தெளிவில்லாமல் இருந்ததையும், ஊர் ஊராகப் பங்குகளில் பெயர்ப் பட்டியல் எடுத்ததையும், தூத்தூர் முதல் நீரோடி வரை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தப் பட்டியலைப் படித்துக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆள் கணக்கு தவறினால், எல்லாரையும் மீட்டுவிட்டோம் என்று ஒருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுத் திரும்பவும் நேரிடும். இல்லாத ஒருவரைத் தேடி இன்னொரு குழு ஆபத்தில் சிக்கவும் நேரிடும். கரையில் பட்டியல் எழுதுகிறவரும் மீட்புக் குழுவின் ஓர் ஆள்தான். அவருக்கும் இந்த வகுப்பில் இருக்கை வேண்டும்.

சிறிய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்த உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் ஒரே அளவு. எங்கள் இளையவனுக்கு அது தண்ணீரில் இறங்கியதும் காதுக்கு மேல் ஏறிவிட்டது. தொடையிடை வார் உள்ள அங்கிகளைத் தர வேண்டும். கையில் பிடிக்கும் சிவப்பு ஒளிக்குச்சி ஒரு நிமிடம் எரியும், ஆரஞ்சுப் புகை மூன்று நிமிடம் வரும் என்று சொன்னவர்கள், ஒன்றை மட்டுமே கொளுத்திக் காட்டினார்கள். காற்று வரும் பக்கம் பிடித்தால் பொறி வள்ளத்துக்குள்ளேயே விழும் என்பதை ஒவ்வொருவரும் தானே கொளுத்தித்தான் கற்றுக்கொள்ள முடியும். எந்தக் கருவியும் இல்லாதவருக்கும் ஓர் ஆபத்துக் குறி உண்டு என்று சொல்லிக்கொடுத்தது மட்டும் நிறைவாக இருந்தது: இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகள் ஏற்றுக்கொண்ட குறி அது. என் சித்தப்பா மகன் அன்று கடந்துபோன ஒரு கப்பலைப் பார்த்து ஒரு கையை வேகமாக வீசியிருக்கிறான். அவர்கள் வணக்கம் சொல்வதாக எண்ணி, ஒலியெழுப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

உணவு நன்றாக இருந்தது. சூரை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வயிறு நிறையக் கொடுத்தார்கள். குறிப்பேட்டில் எழுத்துகள் மிகச் சிறியவை. அட்டை மட்டும் தரமானது. ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் நனைந்தும் உறை பிரியவில்லை. அதை என்ஜின் பெட்டி மூடியின் உட்புறத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.

வெளிப்பொருத்து என்ஜின் வைத்த வள்ளக்காரர்கள் இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் தனி ஆளாகப் போகாமல், ஒரே வள்ளத்தில் தொழில் செய்யும் எல்லாரும் சேர்ந்து போக வேண்டும், ஏனென்றால் ஒருவர் மட்டும் கற்றுவந்து, கூப்பிட்ட இரவில் திரும்பலாம் என்று சொன்னால் மற்றவர்கள் கேட்க மாட்டார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களுக்கும் இதை நடத்தினால் வருமான இழப்பு இல்லாமல் பலர் வருவார்கள் என்று அமைப்பினரிடம் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் சித்திரையில் சிறு வள்ளங்களுக்கு இன்னொரு வகுப்பு வைக்கிறார்கள். பக்கத்து வள்ளத்து நான்கு பேருக்கும், எங்கள் ஊரில் இனிமேல் பட்டியல் எழுதப்போகிற என் அக்காவுக்கும் சேர்த்து ஐந்து இடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.